சம்பளத்தோடு ஒரு புதன்கிழமை

இந்த நாட்டில் பிறந்து, எழுத்துக் கூட்டத் தெரிந்த நாள்முதல் அப்பா அம்மாவுக்கு வாயாகவும் காதாகவும் வேலை பார்த்த என் வயதுக்காரருக்குத்தான் இதைச் சொல்கிறேன். நீங்களும் செய்திருப்பீர்கள். வைத்தியரிடம், பள்ளிக்கூடக் கூட்டத்தில், வீட்டுக்காரரிடம், கால் நிலத்தில் முட்டாத கதிரையில் இருந்துகொண்டு பெரிய ஆட்களின் கதையை அங்குமிங்கும் தூக்கிக் கொடுத்திருப்பீர்கள். இப்போது நமக்கு முப்பது எட்டிப் பார்க்கிறது. எனக்குக் காதோரம் நரைத்தும்விட்டது. போன கிழமை மையடிக்க உட்கார்ந்தபோதுதான் அந்த இலையுதிர்காலம் நினைவுக்கு வந்தது. நான் தூக்கிக் கொடுத்ததில் பாதி சொல், மீதி பயம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருடம், 2009, வைகாசியில் இலங்கையில், எங்கள் ஊரில் சண்டை முடிந்தது. வீட்டில் இரவு பகலாக ஓடிய தொலைக்காட்சி ஒரு நாள் நின்றுபோனது. அழுது ஓய்ந்த பிறகு புதிய பயமொன்று வந்து நடுவீட்டில் குந்தியது. எங்களிடம் இருந்தது தற்காலிகமாகத் தங்குவதற்கான எஃப் அட்டை. சண்டைதான் முடிந்துவிட்டதே, இனிப் போகலாம் என்று இவர்கள் சொல்லிவிடுவார்கள் என்று பார்த்த இடமெல்லாம் கதைத்தார்கள். நிலையான வேலை ஒன்று கையில் இருந்தால் வதிவிட அனுமதியான பி அட்டை கேட்கலாம், அது கிடைத்தால் யாரும் அசைக்க முடியாது என்பது அப்பாவின் கணக்கு.

அந்த வேலை அவருக்குக் கோடையில் கிடைத்திருந்தது. சூரிச்சில் ட்ராம் ஓடும் தெருவொன்றில் யூதர்களின் சிறிய ஜெபக்கூடம். அதில் அப்பா அப்வார்ட், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். கூட்டுவது, துடைப்பது, குப்பைப் பையை வெளியே வைப்பது, கதவு திறந்து பூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டில் நாங்கள் அதை 'அப்பான்ரை கோயில்' என்போம்.

தாக்க யாராவது வரலாம் என்று, அந்தக் கட்டடமே யாரையும் நம்பாத கட்டடம். வாசலில் இரண்டு கதவுகள். முதலாவது பூட்டிக்கொண்ட பிறகுதான் இரண்டாவது திறக்கும். இடையில் நிற்கும்போது மேலேயிருந்து ஒரு காமரா பார்த்துக்கொண்டிருக்கும். சனிக்கிழமைகளில் வாசலில் காவலுக்கு நின்ற இளைஞர் முதல் நாள் என்னுடைய பையையும் திறந்து பார்த்தார். உள்ளே புவியியல் கொப்பியும் பாதி கடித்த பணிசும் இருந்தன. எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்கோ அந்த இடம் அந்தக் கணமே பிடித்துப்போனது.

"சந்தேகப்படுற ஆக்கள் நல்ல ஆக்கள் பிள்ளை" என்றார். "ஏமாத்துறவன்தான் சிரிச்சுக்கொண்டு கதவைத் திறப்பான்."

உள்ளே மரத்தளத்துக்குப் பூசும் மெழுகின் மணமும் பழைய புத்தக அட்டைகளின் மணமும் இருக்கும். சனிக்கிழமை மதியம் மட்டும் அவரைக்கொட்டையும் பார்லியும் இறைச்சியும் இரவெல்லாம் மெல்லிய சூட்டில் கிடந்து வெந்த மணம் மாடிப்படி வரைக்கும் வந்துவிடும். அப்பாவின் ஜாக்கெட்டில் அந்த மணம் ஏறியிருக்கும். அம்மா அதை வாங்கி முகர்ந்து பார்த்து, "மாட்டிறைச்சியோ?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் பல்கனியில் கொண்டுபோய்த் தொங்கவிடுவார்.

அந்தச் சபைக்குத் தலைமை தாங்கியவரை நாங்கள் பெரியவர் என்போம். அடுத்த தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்ற மனிதரின் சொந்தக் கண்ணாடியில் எப்போதும் விரல் அடையாளம் அப்பிக் கிடக்கும். ஜெபக்கூடத்தின் மேல்மாடியில்தான் அவர் குடியிருந்தார்.

வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி இருட்டும் வரைக்கும் அவர்களுக்கு ஓய்வுநாள். ஓய்வென்றால் நம் வீட்டு ஓய்வு மாதிரி மெத்தையில் சாய்ந்துகொண்டு உடுப்பு மடிப்பதல்ல. லைட் சுவிச்சைக்கூடத் தொடமாட்டார்கள். அதற்காகச் சுவரில் ஒரு சாம்பல் நிற வட்டு இருந்தது. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன முளைகள். எந்த நேரம் எரிய வேண்டும், எந்த நேரம் அணைய வேண்டும் என்று முன்கூட்டியே முளைகளை அழுத்தி வைத்துவிட்டால் வட்டு மெல்லச் சுற்றிச் சுற்றித் தானாகவே லைட்டைப் போடும். காதை வைத்தால் கிர்ரென்று கேட்கும். இப்போதெல்லாம் அப்படி ஒன்றைக் காணக் கிடைப்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவின் துடைக்கும் துணி பட்டு முளைகள் இடம் மாறியிருக்க வேண்டும். சபையார் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மண்டபம் இருண்டுவிட்டது. வெள்ளிகளில் அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் மாலை வேலை என்பதால் நான் அப்பாவோடுதான் இருப்பேன். வாசலருகே இருந்த சின்ன அறையில் நாங்கள் இருக்க, கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து நின்றார்.

"சாப்பாட்டு மண்டபம் இருட்டாக இருக்கிறது" என்று ஜெர்மனில் சொன்னார்.

நான் அப்பாவுக்குச் சொன்னேன்.

"ஓம், இருட்டுத்தான் எண்டு சொல்லு."

சொன்னேன். அவர் போகவில்லை. "மிகவும் இருட்டாக இருக்கிறது. குழந்தைகளும் இருக்கிறார்கள்" என்றார்.

அப்பாவின் முகம் கறுத்தது. "லைட் போனது என்ரை பிழையெண்டு குத்திக் காட்டுறார். போடட்டோ எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். அந்த மனிதர் பதறிப்போய் இரண்டு கைகளையும் ஆட்டினார். "இல்லை, இல்லை! நான் எதையும் செய்யச் சொல்லவில்லை!"

"பாத்தியே? போடச் சொல்லேல்லையாம். அப்ப என்னத்துக்கு வந்து நிக்கிறார்?"

கொஞ்ச நேரத்தில் பெரியவரே வந்தார். அவர் இருட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே நல்ல கேக் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"இருட்டுக்குள்ளை கேக்கோ?" அப்பா குரலைத் தாழ்த்தினார். "ஏதும் காணாமல் போனால் நாங்கள் உள்ளுக்கை நிண்டதெண்டுதான் வரும். ஆனால் பெரியவர் கூப்பிட்டுப் போகாட்டியும் பிழை. வா."

போனோம். கண் தெரியவில்லை. கேக் எங்கே என்று பார்க்க அப்பா சுவரைத் தடவி லைட்டைப் போட்டார். மண்டபம் முழுக்கப் பெருமூச்சு விட்டது. யாரும் நன்றி சொல்லவில்லை, யாரும் எங்களைப் பார்க்கவுமில்லை, ஒருவர் பாடத் தொடங்கினார். அப்பா எனக்கும் தனக்கும் ஒவ்வொரு துண்டு எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது, எங்கள் வீட்டில் எந்த அறையை விட்டு வந்தாலும் செய்வதுபோல, பொறுப்பாக லைட்டை அணைத்துவிட்டு வந்தார். உள்ளேயிருந்து ஐயோ என்று ஒரு சத்தம். அது எந்த மொழி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. திரும்பவும் கேக் சாப்பிட வரும்படி அழைப்பு வந்தது.

வீட்டுக்குப் போகும் ட்ராமில் அப்பா தீர்ப்புச் சொன்னார். "உவை நேரை ஒண்டும் சொல்லாயினம் பிள்ளை. ஒண்டை நினைச்சுக்கொண்டு இன்னொண்டைச் சொல்லுவினம். சொல்லுறதை விட்டிட்டு நினைக்கிறதைப் பிடிக்க வேணும்."

அந்த வெள்ளிக்கு அது சரிதான். அதன் பிறகு ஓய்வுநாளில் என்ன வேண்டும் என்பதை அவராகவே கண்டுபிடித்துச் செய்தார், யாரும் வந்து நிற்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அப்பா அந்தப் பாடத்தைக் கிழமை முழுவதற்கும் வைத்துக்கொண்டார். எங்களைப் பிடித்த சனியன் அதுதான்.

இலையுதிர்காலப் பண்டிகைகள் முடிந்து, முற்றத்தில் போட்டிருந்த, ஊசியிலைக் கிளை வேய்ந்த பண்டிகைக் கொட்டிலைப் பிரித்து அடுக்கிய நாளில் பெரியவர் எங்களைத் தேடி வந்தார். தோளில் ஊசியிலைகள் ஒட்டியிருந்தன. "உங்கள் அப்பாவின் ஓய்வுநாள் எது?" என்று என்னிடம் கேட்டார்.

அப்பாவுக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை. கிழமை நாட்களில் காலையில் ஜெபக்கூடம், பின்னேரம் அலுவலகங்கள் துடைப்பது. வெள்ளி இரவும் சனிக்கிழமையும் அவர்கள் ஓய, அப்பா நிற்க வேண்டும். ஞாயிறு மண்டபத்தைக் கழுவ வேண்டும். "எனக்கு ஓய்வு தேவையில்லை, நான் நல்ல பலமான ஆள் எண்டு சொல்லு" என்றார். நெஞ்சை வேறு நிமிர்த்திக் காட்டினார்.

பெரியவர் இல்லையென்று தலையாட்டினார். "இந்த வீட்டில் வேலை செய்கிற எல்லோருக்கும் ஒரு நாள் இருக்க வேண்டும். அது எங்கள் கட்டளை. இனி புதன்கிழமை அவர் வர வேண்டாம். சம்பளம் குறையாது."

நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அப்பா நன்றி சொன்னார். வெளியே வந்து தெருவோர இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று எங்கள் வீட்டில் கூட்டம். சித்தப்பா உணவகச் சமையலறையில் வேலை செய்பவர். எதிலும் உள்குத்துக் கண்டுபிடிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. பால்தேத்தண்ணியை ஊதிக்கொண்டு கேட்டார்.

"அண்ணை, நான் கேக்கிறன், சம்பளத்தோடை லீவு குடுக்கிற முதலாளியை எங்கையாவது கண்டிருக்கிறியளோ?"

"இல்லை."

"அப்ப விளங்கிக்கொள்ளுங்கோ. ஒரு நாள் வேறை ஆளை வைச்சுப் பாக்கப்போகினம். அவன் சரியெண்டால் பிறகு உங்களுக்குக் கிழமை முழுக்க லீவுதான்."

"நேரை சொல்லியிருக்கலாமே" என்றார் அம்மா.

"அவை நேரை சொல்லாயினம்" என்றார் அப்பா. அவருக்குத்தான் அது நன்றாகத் தெரியுமே.

அம்மா என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீ சரியாத்தான் சொன்னனியோ?" எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் வாயையே நம்பாத வீடு அது. ஆனால் படுக்கையில் கிடந்தபோது எனக்கும் சந்தேகம் வந்தது. குறையாது என்றாரா, குறையும் என்றாரா என்று திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன்.

புதன்கிழமை மத்தியானம் எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, நினைவிருக்கிறதா? அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். தலையை மூடும் தொப்பி வைத்த பழைய ஜாக்கெட், கழுத்தைச் சுற்றி அம்மாவின் சால்வை, கையில் தேத்தண்ணிப் போத்தல். தன் இடத்துக்கு யாரை வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போனார். ஜெபக்கூடத்துக்கு எதிரே இருந்த ட்ராம் தரிப்பிடத்தின் நீள மர வாங்கில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ட்ராம்கள் வந்தன, போயின. தெருமுனையில் ஒருவர் கஷ்கொட்டை சுட்டு விற்றார். அந்தப் புகை ஈரக்காற்றில் எங்கள் பக்கமாகவே வந்தது. வாங்கித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்கிற முகமாக அப்பாவின் முகம் இருக்கவில்லை.

முதல் புதன் யாரும் வரவில்லை. அடுத்த புதன் கதவு திறந்து பெரியவரே விளக்குமாறோடு வெளியே வந்தார். குடை பிடிப்பதுபோல அதைப் பிடித்துக்கொண்டு படியிலிருந்த சருகைக் கூட்டினார். கூட்டிய சருகைக் காற்று திரும்பவும் படிக்குக் கொண்டுவந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை.

"பாத்தியே, நானில்லாமல் செய்து பழகினம்" என்றார்.

அதற்கடுத்த புதன் நீலக் காற்சட்டை போட்ட இளைஞன் ஒருவன் ஏணியோடு வந்தான். அப்பா என் கையை நெரித்தார். "இவன்தான்." அவன் ஏணியைச் சுவரில் சாய்த்து ஏறி, வாசலுக்கு மேலே இன்னொரு காமராவைப் பூட்டினான். அதைத் தெருப்பக்கமாகத் திருப்பிவிட்டுப் போனான். காமராக்காரன்தான் என்று தெரிந்ததும் அப்பாவுக்கு மூச்சு வந்தது. அன்றைக்குத்தான் கஷ்கொட்டை வாங்கித் தந்தார். அந்தக் காமரா யாரைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

பிறகு வந்த புதன்கிழமை, மழைத் தூறலில், எங்கள் முன்னால் பொலிஸ் கார் வந்து நின்றது.

ஒரு ஆண், ஒரு பெண். மரியாதையாகத்தான் கேட்டார்கள். அப்பா அட்டையை எடுத்துக் கொடுத்தார். பொலிஸ்காரி என்னிடம் குனிந்து, இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"ட்ராமுக்கு நிக்கிறம் எண்டு சொல்லு."

"எந்த ட்ராமுக்கு? நீங்கள் வந்ததிலிருந்து எல்லா ட்ராமும் போய்விட்டது. போன கிழமையும் இங்கே இருந்திருக்கிறீர்கள். அதற்கு முந்தின கிழமையும்."

நான் சொன்னேன். பொலிஸ்காரர் தெருவுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தக் கட்டடத்தில் உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். ஓம் என்றால் பொலிஸ் விட்டுவிடும், ஆனால் வேவு பார்த்தது தெரிந்து வேலை போய்விடும். இல்லை என்றால் வேலை தப்பும், ஆனால் பொலிசில் பெயர் ஏறிவிடும். இரண்டில் எது நடந்தாலும் பி அட்டை இல்லை. அதற்குப் பிறகு கொழும்புக்குப் போகும் விமானம்தான்.

"இல்லையெண்டு சொல்லு" என்றார் அப்பா.

"இல்லை" என்றேன்.

அப்போது எதிர்க்கதவு திறந்தது. பெரியவர் வெளியே வந்து, பிடிபட்டவனைப் பார்க்கத் தெருவைக் கடந்து எங்கள் பக்கம் நடந்தார். அப்பா தலையை மூடியிருந்த தொப்பியை மெல்லப் பின்னுக்குத் தள்ளினார். பெரியவர் தண்டவாளத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார். வந்த ட்ராம் மணியடித்தது. மணி ஓயாமல் அடித்த பிறகுதான் அவர் இந்தப் பக்கம் ஏறினார்.

"இவரை உங்களுக்குத் தெரியுமா?" பொலிஸ்காரர் கேட்டார்.

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் அப்பாவைப் பார்த்தார், சால்வையைப் பார்த்தார், தேத்தண்ணிப் போத்தலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து இன்னும் அழுக்காக்கிக்கொண்டு போட்டார்.

"தெரியும். எங்கள் அப்வார்ட்."

"இங்கே என்ன செய்கிறார்?"

"இன்று அவருடைய ஓய்வுநாள். ஓய்வெடுக்கிறார்."

"இந்த மழையிலா? இந்த வாங்கிலா?"

"எங்கே ஓய்வெடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை" என்றார் பெரியவர்.

பொலிஸ்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட்டையைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்கள். நாங்கள் மூன்று பேரும் தரிப்பிடத்தில் நின்றோம். உங்கள் அப்பா எதற்காக இங்கே வந்தார் என்று பெரியவர் என்னிடம் கேட்டார்.

அப்பா தேத்தண்ணிப் போத்தலின் மூடியை இறுக்கினார். பிறகு, "இனி என்னத்தை மறைக்கிறது. என்ரை இடத்துக்கு ஆரை வைக்கிறியள் எண்டு பாக்க வந்தனான் எண்டு சொல்லு" என்றார்.

சொன்னேன்.

"யாரையும் வைக்கவில்லை. நான்தான் கூட்டினேன்" என்றார் பெரியவர். அவருக்கு முகம் சிவந்துபோயிருந்தது. "பொலிசைக் கூப்பிட்டதும் நான்தான். மேலே, திரைச்சீலைக்குப் பின்னால் நின்று எல்லாப் புதனும் பார்த்தேன். முகத்தை மூடிக்கொண்டு ஒரு ஆள், எங்கள் வாசலையே பார்க்கிறான், யாரும் சந்தேகப்படக் கூடாதென்று ஒரு பிள்ளையையும் கூட்டி வருகிறான் என்று நினைத்தேன். என்னிடம் ஏன் நேரடியாகக் கேட்கவில்லை?"

"நீங்கள் நேரை சொல்லுற ஆக்கள் இல்லையே எண்டு கேள்."

பெரியவருக்கு முதலில் விளங்கவில்லை. கேக்கை நினைவுபடுத்தினேன். உடனே அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே அடங்கிவிட்டது. ஓய்வுநாளில் இன்னொருவரை எங்களுக்காக வேலை செய்யச் சொல்வது எங்களுக்கு விலக்கு, அதனால்தான் அந்த ஒரு நாள் மட்டும் சுற்றிச் சொல்கிறோம், மற்ற நாளில் சொன்னால் சொன்னதுதான் என்றார். ஒவ்வொரு வசனமாக, நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் காத்திருந்து சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

இரண்டு வயதான ஆண்கள் மாதக்கணக்கில் ஒருவரை ஒருவர் வேவு பார்த்தார்கள் என்று இப்போது யாருக்காவது சொன்னால் சிரிக்கிறார்கள். உண்மையில் அது சில கிழமைகள்தான். அவர்களும் அப்போது அவ்வளவு வயதானவர்களில்லை. எனக்கு அப்படித் தெரிந்தார்கள். இரண்டு பேருக்கும் பயப்படக் காரணம் இருந்தது என்பது எனக்கு இன்று விளங்குகிறது. அந்த விளக்கத்தால் கோபம் குறையவில்லை. பதினொரு வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தியல்லவா இரண்டு பேரும் பயந்தார்கள்.

அடுத்த புதன்கிழமை அப்பா வீட்டில் நின்றார். பின்னேர வேலைக்கு இன்னும் நேரம் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டார், என் சப்பாத்தைத் துடைத்தார், பிறகு செற்றியில் சும்மா சாய்ந்தவர் அப்படியே நித்திரையாகிவிட்டார். பகல் வெளிச்சத்தில் அவர் உறங்கி நான் கண்டதில்லை. வாய் திறந்திருந்தது. ஒரு கால் கீழே தொங்கியது.

முதியோர் இல்லத்துக் காலை வேலை முடிந்து அம்மா வந்தார். செற்றியைக் கண்டதும் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அப்பாவின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார்.

"மூச்சு வருகுது" என்றார் என்னிடம், இரகசியமாக. "அப்ப ஏன் படுத்திருக்கிறார்? வேலையாலை நிப்பாட்டிப் போட்டாங்களோ?"

"இல்லையம்மா. ஓய்வுநாள்."

"உண்மையாவே?"

"ஓம்."

"சம்பளத்தோடையோ?"

"ஓம் அம்மா."

அவர் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஈரக் கோட்டைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்து அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிருமிநாசினி போட்டுப் போட்டு வெடித்திருந்த தன் கைகளை மடியில் வைத்திருந்தார்.

"என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். "எது உன்ரை நாள் எண்டு."

அம்மா எழுந்து, அப்பாவின் தொங்கிய காலை மெல்லத் தூக்கி மேலே வைத்துவிட்டு, சத்தம் கேட்காமல் அரிசி கழுவப் போனார்.